பதினோரு மணி வகுப்பு

"என் திட்டத்தை ஒருத்தர்கூட எதிர்க்கலை மேடம். அப்படியும் நடக்கலை" என்றார் ஆவுடையப்பன்.

அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தார்.

"கை தட்டுனாங்களா?"

"தட்டினாங்க. ரெண்டு வருஷமும் தட்டினாங்க."

"அடப் பாவமே" என்றார் அமலோற்பவம்.

ஆற்றுக்கு வடகரையில் ஒரு பல்கலைக்கழகம், தென்கரையில் ஒரு பல்கலைக்கழகம். ஆவுடையப்பன் வடகரையில் திட்டப் பிரிவின் இயக்குநர். அமலோற்பவத்துக்குத் தென்கரையில் அதே வேலை. வயதில் மட்டும் அவர் இவரைவிடப் பதினைந்து வருஷம் சின்னவர். அப்படிப்பட்டவரிடம் போய் யோசனை கேட்பது ஆவுடையப்பனுக்கு லேசில் தொண்டைக்குள் இறங்குகிற காரியமாக இல்லை.

ஆனால் தென்கரையில் நினைத்தது நடந்துகொண்டிருந்தது. சேர்ந்த பிள்ளைகள் கடைசி வருஷம்வரை நின்று படித்தார்கள். நாலு மணிக்குப் பூட்டிய ஆய்வுக்கூடங்கள் இப்போது இருட்டும்வரை திறந்திருந்தன. இதையெல்லாம் யார் செய்தது என்று விசாரித்தால் அங்கே ஆளுக்கொரு பேரைச் சொன்னார்கள். ஒருவரும் அமலோற்பவத்தின் பேரைச் சொல்லவில்லை.

அதைக் கேட்டதும்தான் ஆவுடையப்பனுக்குப் பொறி தட்டியது. காரை எடுத்துக்கொண்டு தென்கரைக்கு வந்துவிட்டார்.

அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு அமலோற்பவம் நின்றுகொண்டார்.

"இன்னொரு நாற்காலி போடக்கூடாதா?"

"போட்டா ஆளுங்களை இங்க கூப்பிடத் தோணும் சார்" என்றார் அவர். "நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் சொன்னார்.

வடகரையில் முதலாண்டு சேருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கிராமத்துப் பள்ளிகளில் தமிழில் படித்துவிட்டு வருகிறவர்கள். வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் ஓடும். பொங்கல்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அவர்களில் பலர் திரும்புவதில்லை. திரும்பினாலும் டி.சி. வாங்கிக்கொண்டு படிப்பை நிறுத்தத்தான்.

"மாரிக்கனின்னு ஒரு பிள்ளை. கணக்குல நூத்துக்கு நூறு. அப்பாவோட என் அறைக்கு வந்து நின்னுச்சு, டி.சி. வாங்குற இடம்னு நினைச்சு. ஏம்மா போறேன்னு கேட்டேன். பாடம் புரியலை சார், புரியலைன்னு கேக்கவும் இங்கிலீஷ் வரலைன்னு சொல்லுச்சு."

"பொறவு?"

"டி.சி. கவுண்டர் எங்க இருக்குன்னு நானே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். வழி காட்டினதுக்கு அவங்க அப்பா நன்றி சொல்லிட்டுப் போனார்."

அந்த நன்றியை நினைத்தால் ஆவுடையப்பனுக்கு இன்றைக்கும் மனசு ஆறாது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வரும். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து திட்டத்தை எழுத ஆரம்பித்தவர் அவர்.

திட்டம் இதுதான். எல்லாத் துறைகளிலும் தினமும் காலை முதல் மணியை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அந்த மணியில் பாடத்தின் அடிப்படையைத் தமிழில் சொல்லி, மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். 'ஒருங்கிணைந்த அடிப்படை வலுவூட்டல் நேரம்' என்று ஒரு பேரும் வைத்திருந்தார். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கல்விப் பேரவையில் வைத்தார். பேராசிரியர்கள் எல்லாரும் அருமை என்றார்கள். ஒருமனதாக நிறைவேறியது. ஜூன் மாதம் வந்தது. ஒவ்வொரு துறையும் வழக்கம்போலப் போன வருஷத்துக் கால அட்டவணையை எடுத்து, ஆண்டை மட்டும் மாற்றி ஒட்டியது. முதல் மணி வழக்கம்போல அந்தந்தத் துறையின் மூத்த பேராசிரியருக்குப் போனது. காலையிலேயே வகுப்பை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேருவது அங்கே மூத்தவர்களுக்கென்று எழுதாத சலுகை.

மறுவருஷமும் வைத்தார். மறுபடியும் கைதட்டல். மறுபடியும் அதே அட்டவணை.

கதையைச் சொல்லி முடித்து, கொண்டுவந்திருந்த திட்டத்தை மேசைமேல் வைத்தார். நல்ல கனமான அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்பு அடித்திருந்தார்.

அமலோற்பவம் அதைத் திறக்கவில்லை.

"இதுல உங்க கை படாத பக்கம் ஒண்ணு இருக்கா சார்?"

"ஒண்ணுகூடக் கிடையாது" என்றார் ஆவுடையப்பன். குரலில் பெருமை இருந்தது.

"அப்பம் நான் படிச்ச மாதிரிதான்" என்று சொல்லி அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். மாரிக்கனியின் அப்பா கும்பிட்ட கை கண்முன்னால் வந்தது. உட்கார்ந்திருந்தார்.

"டீ குடிப்பியளா சார்?"

"குடிப்பேன்."

"இங்க வேண்டாம். உங்க பல்கலைக்கழகத்துல ஒவ்வொரு துறைக்கும் போய்க் குடிங்க. அவங்க இடத்துல, அவங்க டம்ளர்ல. திட்டத்தைப் பத்தி வாயைத் திறக்கக்கூடாது."

"அப்புறம் என்னத்தைப் பேசுறது?"

"டீ ஆறுறதுக்குள்ள அவங்களே பேசுவாங்க."

*

ஆவுடையப்பன் டீ குடிக்கக் கிளம்பினார்.

முப்பது வருஷமாக அதே வளாகத்தில் வேலை பார்க்கிறார். கூட்டம் என்றால் சுற்றறிக்கை அனுப்பி எல்லாரையும் தன் கூட்ட அறைக்கு வரவழைத்தே பழகியவர். பல துறைகளின் படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

பொருளியலில் டீயில் இஞ்சி தட்டிப் போட்டார்கள். வரலாற்றுத் துறையில் சர்க்கரையை அள்ளிக் கொட்டினார்கள். இயற்பியலில் கொடுத்தது டீதானா என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. எதையும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

முதலில் எல்லாரும் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். ஏதோ ஆய்வுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அவர் பேசாமல் இருக்க இருக்க, அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தாவரவியலில்தான் வெடித்தது.

அங்கே மூத்த பேராசிரியர் சங்கரலிங்கம். பல்கலைக்கழகத்திலேயே அதிக காலம் முதல் மணியைக் கைவிடாமல் வைத்திருப்பவர் அவர்தான். மதியம் வீட்டில் சுடுசோறு சாப்பிடுவதைத் தன் பிறப்புரிமையாக நினைப்பவர். ஆவுடையப்பன் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓய், எதுக்கு வந்திருக்கீர்னு எனக்குத் தெரியும். என் முதல் மணியைப் பிடுங்கத்தானே?"

ஆவுடையப்பன் டீயை உறிஞ்சினார்.

"பிடுங்கி என்ன செய்வீர்? அந்தக் கிராமத்துப் பிள்ளையளுக்குப் பாடம் நடத்துவீர். யாரை வச்சு நடத்துவீர்? ஆளே இருக்காதே. அந்தப் பக்கத்து டவுன் பஸ் ஒன்பதரைக்கு மேலதான் நம்ம வாசலுக்கு வருது. என் வகுப்புல பாதிப் பெஞ்சு பத்து மணிவரை காலியாத்தான் கெடக்கும். நீர் கார்ல வாரவரு, உமக்கு எங்க தெரியும்?"

டம்ளர் ஆவுடையப்பனின் வாய்க்கருகே அப்படியே நின்றது.

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"துறைத் தலைவர் அத்தனை பேருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் சார் பேரவையில சொல்லலை? கை தட்டினீங்களே."

"நீர் எங்க கேட்டீர்? தங்க எழுத்துல அச்சடிச்சுக் கொண்டாந்து கையில கொடுத்தீர். நடக்கப் போறதில்லைன்னு தெரியும். நடக்காத காரியத்துக்கு யாராவது சண்டை போடுவானா? தட்டிட்டு எந்திரிச்சுப் போனோம்."

ஆவுடையப்பன் தாவரவியல் படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டார். யாராவது அவர் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால், எந்தப் பிள்ளைகளுக்காக எழுதினாரோ அவர்கள் இல்லாத நேரத்தில் வகுப்பு நடந்திருக்கும்.

*

"சங்கரலிங்கம் திட்டித் தீர்த்துட்டார்" என்றார் ஆவுடையப்பன், தென்கரைக்கு மறுபடியும் போய்.

"நல்ல மனுஷன்" என்றார் அமலோற்பவம்.

"முதல் மணி சரிப்படாது மேடம். பதினோரு மணிக்கு மாத்தி, பஸ் நேரத்தையும் சேர்த்து, திட்டத்தைத் திரும்ப எழுதிடறேன். இந்தத் தடவை மூணு பாகமா."

அமலோற்பவம் அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை எட்டி எடுத்தார். தன் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"மேடம், அது நல்ல பேனா."

"தெரியுது. எவ்வளவு எழுதியிருக்குன்னுதான் பாத்தேனே."

அவ்வளவுதான். யாரோ தன்னைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அமலோற்பவம் வெளியே போய்விட்டார்.

*

பேனா இல்லாத ஆவுடையப்பன் மறுபடியும் தாவரவியலுக்குப் போனார். இந்தத் தடவை வேதியியல் தலைவர் சுலைகாவையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். இயக்குநர் அறைக்குத்தான் அழைப்பார் என்று நினைத்திருந்த சுலைகா, தாவரவியலில் வந்து உட்கார்ந்ததும் ஆச்சரியத்தோடு சுற்றிலும் பார்த்தார்.

ஆவுடையப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பிள்ளைங்க பொங்கலுக்கு அப்புறமும் இருக்கணும்னா என்ன செய்யலாம்?"

"வகுப்பைப் பதினோரு மணிக்கு வைக்கணும்" என்றார் சங்கரலிங்கம்.

"அது எங்க லேப் நேரம்" என்றார் சுலைகா. "மதியத்துக்கு வைங்க."

"மதியம் சோறு தின்னுட்டு எவன் கேப்பான்? நீங்க லேபை மதியத்துக்கு மாத்துங்க."

"மாத்தினா எங்க மதிய வகுப்பை முதல் மணிக்குத்தான் கொண்டு போகணும். அதை உங்களை மாதிரி மூத்தவங்க பிடிச்சு வச்சிருக்கீங்களே."

சங்கரலிங்கத்துக்குக் கோபம் வந்தது. சுலைகாவும் விடவில்லை. பேச்சு சூடேறியது. சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் சண்டையில் சேர்ந்துகொண்டார்கள். ஆவுடையப்பன் டம்ளர்களை நிரப்பிக்கொண்டிருந்தார். தனக்குத் தெரிந்த விடை நாக்கு நுனியில் வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு வாய் டீ குடித்து அதை உள்ளே தள்ளினார். மனிதருக்கு அது பெரிய தவம்.

கடைசியில் ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் சுலைகா எழுத ஆரம்பித்தார். சங்கரலிங்கம் சொல்லச் சொல்ல அடித்தும் திருத்தியும் எழுதினார். முதல் மணியை மூத்தவர்கள் விட்டுக்கொடுப்பது, லேபை மதியத்துக்குத் தள்ளுவது என்று மொத்தத் திட்டமும் அந்த ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. 'ஒருங்கிணைந்த' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. 'பதினோரு மணி வகுப்பு' என்று தலைப்பிட்டிருந்தார்கள்.

மூன்றாவது வரியில் ஒரு வாக்கியம் எழுவாய் இல்லாமல் நொண்டியது. ஆவுடையப்பனுக்குக் கை துறுதுறுத்தது. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். காலியாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் சுலைகா.

"என் தலையில உதிக்காதது" என்றார் ஆவுடையப்பன். உண்மையாகவே சொன்னார்.

அந்த வருஷம் கல்விப் பேரவையில் யாரும் கை தட்டவில்லை. இயற்பியல் தலைவர் எழுந்து, இதெல்லாம் பள்ளிக்கூட வேலை, பல்கலைக்கழகத்துக்கு இழுக்கு என்றார். சங்கரலிங்கம் பதில் சொன்னார். இன்னும் சிலர் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் கடந்தது. வீட்டில் சுடுசோறு காத்திருந்தும் சங்கரலிங்கம் இடத்தைவிட்டு அசையவில்லை. பாதியில் ஆவுடையப்பன் வெளியே போய் அமலோற்பவத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், பயங்கரமா எதிர்க்கிறாங்க."

"வாழ்த்துகள் சார்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

நூலிழையில் நிறைவேறியது. ஆனால் ஜூன் மாதம் ஒட்டிய அட்டவணையில், யாரும் ஞாபகப்படுத்தாமலேயே, பதினோரு மணி எல்லாத் துறைகளிலும் இருந்தது. தாவரவியலில் அந்த வகுப்பைச் சங்கரலிங்கமே எடுத்தார். பசி வேளையில் நின்று கத்த வேண்டியிருக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். ஒருநாள்கூட வகுப்பை விடவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்தது. அந்தப் பக்கத்து டவுன் பஸ் பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கரும்புக் கட்டோடு வந்த ஒரு பையனைக் கண்டக்டர் திட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று காவலாளியிடம் சொன்னார். அன்றைக்கு அந்த வளாகத்தில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் யாரும் இல்லை.

*

அந்தச் சந்தோஷம் மாசி பிறக்கும்வரைதான்.

"மே மாசம் நான் ரிட்டயர் ஆகிறேன்" என்றார் ஆவுடையப்பன், தென்கரையில் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து. "எனக்குப் பின்னால வாரவர் எப்படிப்பட்ட ஆளோ. துணைவேந்தரும் மாறுவார். ஜூன் மாசம் பழைய அட்டவணையை எடுத்து ஒட்டிட்டா? அந்தப் பிள்ளைங்க கதி? ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது மேடம். அந்த வகுப்பு நிலைக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"அடுத்த பேரவைக் கூட்டத்துல நீங்களே ஒரு தீர்மானம் கொண்டு வாங்க."

"என்னன்னு?"

"பதினோரு மணி வகுப்பை நிறுத்திடலாம்னு."

ஆவுடையப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன மேடம் சொல்றீங்க. சரின்னு நிறைவேத்திட்டாங்கன்னா?"

"நிறைவேத்திட்டா, நீங்க போன மறுநாளே அது போயிருக்கும்."

"விளையாடறதுக்கு இது என் வீட்டு விஷயம் இல்லை. நானூறு பிள்ளைங்க."

"விளையாடலை சார்" என்றார் அமலோற்பவம். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இன்னும் மூணு மாசம் நீங்க அங்க இருக்கிய. போச்சுன்னா திரும்பவும் டீ குடிக்க அது போதும். போனதுக்குப் பொறவு தெரிஞ்சு என்ன செய்ய?"

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வரும்போது ஆவுடையப்பன் அவரை மனசுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டினார். ஊர் வந்து சேர்ந்ததும் தீர்மானத்தை எழுதி அனுப்பினார்.

*

கூட்டத்தன்று அவருக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. சங்கரலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான்காவது பொருள்" என்றார் துணைவேந்தர். "பதினோரு மணி வகுப்பை வரும் கல்வியாண்டு முதல் நிறுத்துதல். முன்மொழிபவர், திட்டப் பிரிவு இயக்குநர்."

ஆவுடையப்பன் எழுந்து நின்று படித்தார். செலவு, இடநெருக்கடி என்று இரண்டு காரணம் எழுதியிருந்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

பேரவையில் ஒரு சத்தம் இல்லை.

அந்த அமைதி அவருக்கு நன்றாகப் பழக்கமானது. இரண்டு வருஷமும் தன் திட்டத்தைப் படித்து முடித்ததும் இதே அமைதிதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் தட்டினார்கள். இப்போது யாராவது ஒருவர் கையைத் தட்டிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். கெட்டது குடி என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது.

"ஓய் ஆவுடையப்பன்" என்றார் சங்கரலிங்கம். "ரிட்டயர் ஆனா வீட்டுக்குப் போவும். எங்க வகுப்பை ஏன்யா கூடக் கூட்டிட்டுப் போறீர்?"

"யாரைக் கேட்டு இதைக் கொண்டு வந்தீங்க?" என்று எழுந்தார் சுலைகா. "லேப் நேரத்தையெல்லாம் மாத்தி வச்சு நாய் படாத பாடு பட்டிருக்கோம். இடநெருக்கடியாம். இடம் நாங்க தாரோம்."

இயற்பியல் தலைவர் கையை உயர்த்தினார். போன வருஷம் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தவர் அவர்.

"போன வருஷம் நான்தான் வேண்டாம்னேன். குறிப்புல இருக்கும். இப்பச் சொல்றேன், எங்க பிள்ளைங்க மேல கை வைக்காதீங்க. இந்தத் தடவை முதல் மதிப்பெண் அந்த வகுப்புல உக்காந்த பொண்ணு."

அதற்குப் பிறகு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினார்கள். திட்டப் பிரிவுக்கு வேலை இல்லையென்றால் மரம் நடட்டும் என்றார் ஒருவர். பின்வரிசையிலிருந்து யாரோ ஓங்கிக் கேட்டார்கள்.

"நாம அத்தனை பேரும் சண்டை போட்டு உண்டாக்கின வகுப்பு இது. இவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவமானத்தில் குனிகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார். மனிதர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு பேச்சு அவர் வாங்கியதே இல்லை. ஒவ்வொரு வசவும் சர்க்கரையாக இறங்கியது.

துணைவேந்தர் மேசையைத் தட்டி அமைதிப்படுத்தினார்.

"வாக்கெடுப்புக்கு விடுகிறேன். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள்?"

ஒரு கையும் எழவில்லை.

துணைவேந்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இயக்குநர், இது உங்க தீர்மானம்."

ஆவுடையப்பன் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருந்தார்.

"சரி. எதிர்ப்பவர்கள்?"

பேரவையில் முதலில் உயர்ந்த கை ஆவுடையப்பனுடையது.